புளியந்தோப்புத் தீர்மானம்

கமலாவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. திருத்தணி ஆந்திராவோடு இருந்த காலத்தில் அஞ்சாம் கிளாஸ் வரை தெலுங்கில் படித்தவள் அவள். 1960இல் ஊர் மெட்ராஸ் பக்கம் வந்து சேர்ந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரே வருஷத்தில் ஆபீஸ் பலகைகளும் பஸ் போர்டுகளும் எழுத்து மாறிவிட்டன. தறிக்கும் அடுப்புக்கும் நடுவே நின்றிருந்த அவளிடம் இனிமேல் நீயும் மாறிக்கொள் என்று யாரும் வந்து சொல்லவில்லை.

படிக்கத் தெரியாததால்தான் அவளைப் பஞ்சாயத்து மெம்பர் ஆக்கினார்கள் என்று சொன்னால் அது பெரிய பொய் ஆகாது. திருத்தணி மலைக்குக் கிழக்கே ரயில் பாதையைத் தாண்டினால் வருவது அவள் ஊர், கீழப்பேட்டை. அறுபது எழுபது தறி, அதைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள், தனிப் பஞ்சாயத்து. பெண்பிள்ளை ஒருத்தி மெம்பராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. தேர்தலில் பெண்கள் யாரும் நிற்காததால் ஒருத்தியை அவர்களாகவே நியமிக்க வேண்டியிருந்தது. "நம்ம நாகராஜன் பொஞ்சாதியைப் போடுங்க. வாயத் தொறக்காத பொண்ணு" என்றார் வீரபத்திரன். ஊர்த் தறிக்காரர்களில் பாதிப் பேருக்கு நூல் கொடுத்து லுங்கி நெய்து வாங்கும் சாவுகார் அவர். பஞ்சாயத்திலும் மெம்பர். நாகராஜனின் தறியில் ஓடுவதும் அவருடைய நூல்தான். அன்றிலிருந்து அவளை எல்லாரும் மெம்பரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் கடைசி பெஞ்சியில் உட்காருவாள். ஒரு வாரம் கழித்துப் பியூன் சுப்பன் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். அவள் தெலுங்கில் கையெழுத்துப் போடுவாள். இரண்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

அந்தத் தை மாசக் கூட்டம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அன்றைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள்.

போன ஆடியில் பெய்த மழையில் ஊர்க் கிணற்றுக்குள் சாக்கடை புகுந்து நெசவுத் தெருவில் வாந்திபேதி வந்தது. ஒன்பது நாளில் ஏழு பேர் போனார்கள். நாகராஜனின் தங்கை வசந்தி காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு இல்லை. கமலாவின் மகள் வரலட்சுமிக்கு அப்போது எட்டு வயசு. கண் உள்ளே போய், தோல் கிள்ளினால் கிள்ளினபடியே நின்ற அந்தக் குழந்தையை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிழைத்தது. ஆனால் கமலா பிழைத்தாளா என்று சொல்ல முடியாது. அன்றிலிருந்து அவள் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் யாருக்கும் கொடுப்பதில்லை. குழந்தை லேசாகக் குமட்டினாலும் அவளுக்குக் கை கால் விறைத்துப் போகும். விறகுக்கு ஆகிற செலவைப் பார்த்து அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள்.

கூட்டத்தில் பிரசிடெண்ட் கோதண்டபாணி எழுந்து பேசினார். வயசானவர், நிலம் நீச்சு உள்ளவர், குரல் தாழ்ந்தே பேசுவார்.

"பஞ்சாயத்துக்குச் சொந்தமா புளியந்தோப்பு நாலு ஏக்கர் கீது. அதை ஏலம் விட்டு வர்ற பணத்துல போர் போட்டு, டேங்க் கட்டி, ஆறு தெருவுக்கும் கொழா இழுத்துடலாம். சொத்து போவும். ஆனா இதை விட்டா வேற வழி இல்ல. இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் கையைத் தூக்கினார்கள். கமலாவும் தூக்கினாள். கை தூக்கியபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

எட்டாம் நாள் பகல், வெயில் ஏறின நேரத்தில், சுப்பன் புத்தகத்தோடு வந்தான். கமலா ராட்டினத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தைப் பிரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினான்.

அன்றைக்கு அவளுக்கு என்னவோ ஆசை. தண்ணீர் என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அந்த ஒரு சொல்லின் உருவம் அவளுக்குத் தெரியும். ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்துத் தொட்டியில் குடிதண்ணீர் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வரலட்சுமி அதைப் படித்துக் காட்டியிருக்கிறாள். மூன்று சுழி, மேலே ஒரு புள்ளி, அப்புறம் கொக்கி போட்ட இன்னொரு மூன்று சுழி. கமலா முதல் வரியில் விரலை வைத்தாள். ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினாள். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கமும் இறங்கினாள். மூன்று பக்கம். மறுபடி முதலிலிருந்து.

அந்தச் சொல் இல்லை.

புத்தகத்தை மூடாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சுப்பா, இதுல இன்னா எழுதிக்கீது?"

"எனக்கு இன்னாம்மா தெரியும், நான் கைநாட்டு" என்றான் சுப்பன். "ஆறு பேர் கையெழுத்து வேணுமாம். அஞ்சு ஆயிடுச்சு. நீங்க போட்டாத்தான் எங்களுக்கு மூணு மாசச் சம்பளம் வரும்னு கிளார்க்கு சொல்லிக்கினு இருந்தாரு. வூட்ல அரிசி இல்லம்மா. சீக்கிரம் போடுங்க."

"சம்பளமா? தோப்பு விக்கறது தண்ணிக்குன்னுதானே சொன்னாங்க?"

சுப்பன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அவரு கடைக்குப் போயிக்கிறாரு. வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன். புத்தகம் இங்கயே இருக்கட்டும்" என்றாள் கமலா. தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"புத்தகத்த எங்கயும் வெச்சுட்டு வரக்கூடாதும்மா. என் வேலை போயிடும்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கோ."

அவன் மனசில்லாமல் போனான். தெருக்கோடி போகும் வரை நாலு தடவை திரும்பிப் பார்த்தான்.

நாகராஜன் அவளுக்கு அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"போட்டுக் குடுத்துடு கமலா. சாவுகார் சமாச்சாரம் இது. தோப்பை எடுத்து பவர்லூம் ஷெட்டு போடணும்னு அவரு ஒரு வருஷமா சொல்லிக்கினு கீறாரு. நமக்கு எதுக்கு?"

"வசந்தி உங்க கூடப் பொறந்தவ பாவா."

நாகராஜன் தறியில் நீளவாக்கில் கட்டியிருந்த பாவு நூலைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு புத்தகத்தை எடுத்து ஒரு பழைய லுங்கியில் சுற்றி, தறிக் குழிக்குள் இறங்கி, மிதிகட்டைக்கு அடியில் வைத்துவிட்டு மேலே ஏறினான்.

மறுநாள் காலையில் சுப்பன் வரவில்லை. வீரபத்திரன் வந்தார்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விபூதி. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாகராஜன் தறிக் குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். எழுந்திருக்கப் போனவனை "இரு தம்பி, இரு. வேலையப் பாரு" என்று கையமர்த்தினார். நாகராஜனின் கால் அந்தப் புத்தகத்தின் மேல் இருந்தது. தறியின் நாடா ஒரு தடவை ஓடிப் பாதியில் நின்றது.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

கமலா செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் செம்பைப் பார்த்துச் சிரித்தார்.

"காச்சின தண்ணியா? நல்லது. மனுஷனுக்குப் பயம் இருக்கணும்."

அவர் எழுந்து தறிப் பக்கம் வந்தார். பாவை விரலால் தட்டிப் பார்த்தார். குழிக்குள் எட்டிப் பார்க்கிறாரா, நூலைத்தான் பார்க்கிறாரா என்று கமலாவால் சொல்ல முடியவில்லை.

"இந்தப் பாவு எத்தினி நாளைக்கு வரும் நாகராஜா?"

"நாலு நாளுக்கு வருங்க."

"ஆங். அப்புறம் பாக்கலாம்." திரும்பி அவளைப் பார்த்தார். "புத்தகம் இங்க கீதுன்னு சுப்பன் சொன்னான். படிச்சுப் பாத்துட்டுப் போடறதுன்னா போடும்மா, தப்பில்ல. நாளைக்குச் சாயந்திரத்துக்குள்ள வந்துட்டா போதும்." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் சொன்னார்: "பாப்பா ஸ்கூலுக்கு ரயில் ரோட்டைத் தாண்டித்தானே போவுது? கூட்ஸ் வண்டி எப்ப வருது, எப்ப போவுதுன்னே தெரியறதில்ல. பாத்து அனுப்பும்மா."

அவர் போன பிறகு நாகராஜன் குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். தொடை நடுங்கியதில் மிதிகட்டை தானாக அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வரலட்சுமியை ஸ்கூலுக்கு அனுப்பவில்லை. மறுநாள் தை கிருத்திகை. மலைக்குக் காவடிகள் வரும் நாள். விடிந்து ஒரு நாழிகை ஆனதும் கமலா புத்தகத்தை ஒரு புதுத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்து, மேலே பூவும் தேங்காயும் வைத்து மூடினாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். நாகராஜனுக்கும் தமிழ் படிக்க வராது, கிளார்க்கின் கூட்டெழுத்து வரலட்சுமிக்கும் புரியவில்லை. திருத்தணியில் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் இருக்கிறது. அங்கே படித்துச் சொல்ல ஆள் இருக்கும். அதற்கு மேல் அவள் எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை.

"நானும் வரேன்" என்றான் நாகராஜன்.

"தறி சத்தம் நின்னா ஊருக்கே தெரிஞ்சுடும். நீங்க நெய்ங்க பாவா."

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டிக்காகக் காத்து நின்றபோது பின்னால் சைக்கிள் பிரேக் கிரீச்சென்றது. வேணு. வீரபத்திரனிடம் நூல் கட்டு சுமந்து வீடு வீடாகப் போடுகிறவன். தெருவிலிருந்தே பின்னால் வந்திருக்கிறான்.

"எங்க மெம்பரம்மா காலைலயே?"

"கோயிலுக்கு."

"கூடையில இன்னா கனமா கீது?"

"காணிக்கைத் துணி. குழந்தைக்கு ஒடம்பு சரியானா சாத்தறேன்னு வேண்டிக்கினேன்."

அவன் கூடையையே பார்த்தான். கையை நீட்டித் தேங்காயைத் தொட்டான். அந்த நேரம் கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாத மாதிரி, காதடைக்கும் இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. வரலட்சுமி தண்டவாளத்தின் பக்கம் நின்றிருந்தாள். அவளை இழுத்துத் தனக்கு மறுபக்கம் விட்டுக்கொண்டாள் கமலா. இழுத்த வேகத்தில் குழந்தை வலியில் கத்தியது வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கேட் திறந்ததும் அரக்கோணம் ரோட்டிலிருந்து மஞ்சள் துணி கட்டிய கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு வந்தது. கமலா அதற்குள் புகுந்துவிட்டாள். ஆனால் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டதால் யூனியன் ஆபீஸ் பக்கம் திரும்ப முடியாது. வேணு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தான். மலையடிவாரம் வரை வந்தான். அவள் படியேற ஆரம்பித்தாள். ஐம்பது படி, நூறு படி. கூடை இடுப்பை அறுத்தது. திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படுவான் என்று பயம். திரும்பாமல் இருந்தால் பின்னாலேயே வந்துவிட்டானோ என்று அதுவும் பயம். பாதி மலையில் ஒரு மண்டபத்தில் நின்று பார்த்தாள். கீழே, பூக்கடைப் பக்கத்தில், சைக்கிள் மேல் கால் போட்டுக்கொண்டு அவன் நின்றிருந்தான். அவள் இறங்கி வரக் காத்திருக்கிறான்.

மலை உச்சி வரை ஏறினாள். சாமியைப் பார்க்கவில்லை. வெளியிலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டு, மறுபக்கம் வண்டிப் பாதை வழியாக, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வளைந்து வளைந்து போகிற அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வேணு நிற்பான் என்று நினைத்தாள். கீழே வந்து சேர்ந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

யூனியன் ஆபீஸில் விரிவாக்க அலுவலர் சடகோபன் மட்டும்தான் இருந்தார். கண்ணாடி போட்ட ஒல்லி மனுஷர். பஞ்சாயத்துகளின் கணக்கையும் தீர்மானங்களையும் சரிபார்ப்பது அவர் வேலை. புத்தகத்தைக் கூடையிலிருந்து எடுத்ததும் திகைத்துவிட்டார்.

"இது ஆபீஸை விட்டு வெளியே வரக் கூடாதே அம்மா."

"வந்துடுச்சு ஐயா. இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சு மட்டும் சொல்லுங்க."

அவர் படித்தார். முதலில் மனசுக்குள், பிறகு அவளுக்காக வாய்விட்டு. தோப்பை ஏலம் விடுவது. வருகிற தொகையில் மெயின் ரோட்டிலிருந்து தோப்பு வரை தார் ரோடு போடுவது. தோப்பு வரை கரண்ட் கம்பம் நடுவது. ஊழியர் சம்பள பாக்கி கொடுப்பது. மீதியில் ஆபீசுக்கு ஓடு மாற்றுவது.

"கொழா?"

"அப்படி ஒண்ணும் இல்லை."

கமலாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. தோப்பை வீரபத்திரன் எடுப்பார். கொடுக்கிற பணம் அவர் ஷெட்டுக்கே ரோடாகவும் கரண்டாகவும் திரும்பிப் போய்விடும். கிணறு அப்படியே கிடக்கும். அடுத்த ஆடி வரும்.

"நான் இன்னா செய்யணும் ஐயா?"

சடகோபன் ஜன்னலைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். அவரும் பயப்படுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. "சொத்து வித்த பணத்தை எதுக்குச் செலவு பண்றதுன்னு கலெக்டர் அனுமதி வேணும். தீர்மானத்துக்குக் கீழே ஒரு மெம்பர் ஆட்சேபணை எழுதியிருந்தா, அதையும் சேர்த்துத்தான் மேல அனுப்பணும். மறைக்க முடியாது. ஆனா எழுதினது நீங்கதான்னு ஊருக்கே தெரியும். அதுக்கு அப்புறம் ஏதாவது ஆனா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் சாயந்திரம் ரயில் ஏறிப் போயிடுவேன்."

"எனக்குத் தமிழ் எழுத வராது."

"உங்களுக்குத் தெரிஞ்சதுல எழுதுங்க."

பேனாவை வாங்கினாள். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து கையெழுத்தைத் தவிர வேறு எதுவும் எழுதாத கை. நாலு வரி எழுத அரை மணி நேரம் ஆயிற்று. எழுதி முடித்ததும் சடகோபன் ரப்பர் ஸ்டாம்பை எடுத்து மையில் ஒற்றினார். பக்கத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ஸ்டாம்பு விழுந்தால் அவரும் இதில் இருக்கிறார். வெளியே கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போவது கேட்டது. குத்தினார். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு. இனிமே இதைக் கிழிச்சா கேள்வி வரும். போங்கம்மா, சீக்கிரம் போங்க."

வீட்டுக்கு வந்தபோது வாசலில் சுப்பன் உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. புத்தகத்தை விட்டுவிட்டு வந்ததற்காக வேலைக்கு வர வேண்டாம் என்று கிளார்க் சொல்லிவிட்டானாம். உள்ளே தறி நின்றிருந்தது. வேணு வந்து, பாவு முடியும் முன்னாலேயே, குறுக்கே ஓட்டுகிற மீதி ஊடை நூலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்றான் நாகராஜன். அவன் அவளைத் திட்டவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டான்.

"வா சுப்பா. நானே குடுக்கறேன்" என்றாள் கமலா.

பஞ்சாயத்து ஆபீஸில் கோதண்டபாணி இருந்தார். எதிரே வீரபத்திரன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கமலா புத்தகத்தை மேஜை மேல் வைத்தாள். வைத்த பிறகும் விரல்கள் அதை விட்டு வரவில்லை. கோதண்டபாணி பிரித்தார். ஸ்டாம்பைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அவருக்குத் தெலுங்கு படிக்க வரும். அவள் எழுதியதைத் தமிழாக்கி மெதுவாகப் படித்தார்.

"தோப்பு வித்த பணம் தண்ணிக்கு மட்டும். வேற எதுக்கும் தொடக் கூடாது. கூட்டத்துல சொன்னது அதுதான். ஒம்பது நாள்ல ஏழு பேர் செத்துப் போனாங்க. இதுல எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வீரபத்திரன் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். திரும்பி வந்து நின்றுகொண்டே, "பிரசிடெண்டு, பொம்பள ஏதோ பயத்துல கிறுக்கிட்டா" என்றார்.

"ஆங், பயம்தான். அந்த ஏழு பேர்ல ரெண்டு பேர் என் களத்துல வேலை செஞ்சவங்க வீரபத்திரா" என்றார் கோதண்டபாணி. "நீ எழுதச் சொன்னே, கிளார்க்கு எழுதினான், சம்பளம் குடுக்க வழி இல்லையேன்னு நானும் கையெழுத்துப் போட்டேன்." அவளைப் பார்த்தார். "நீ சொல்றது சரிம்மா. ஆனா இவனுக்கு மூணு மாசமா சம்பளம் இல்ல. கூட்டறவங்களுக்கு இல்ல. தோப்புப் பணத்தைத் தொடக் கூடாதுன்னா இவங்களுக்கு நான் எங்கேந்து குடுக்கறது? நீயே சொல்லு."

சுப்பன் கதவோரம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வீரபத்திரனும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல நைனா" என்றாள். பிறகு தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "மரத்துல இந்த வருஷப் புளி காச்சுத் தொங்குது. மாசியில உலுக்கலாம். புளியை வித்துச் சம்பளம் குடுங்க. அப்புறம் தோப்பை வித்து டேங்க் கட்டுங்க. விளைஞ்சதைத் தின்னலாம் நைனா. நெலத்தைத் தின்னுட்டா அடுத்த மூணு மாசத்துக்கு எதை விப்பீங்க?"

கோதண்டபாணி பேனாவை எடுத்து அவள் சொன்னதை ஆட்சேபணைக்குக் கீழே எழுதினார். வீரபத்திரன் செருப்பு மாட்டிக்கொண்டு போகும்போது அவளைப் பார்த்த பார்வையில் கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்கு வருஷக்கணக்காகக் கண்ணில் நின்றது.

புளி உலுக்கி விற்றதில் இரண்டு மாசச் சம்பளம்தான் தேறியது. புத்தகம் திரும்பி வந்ததால் வேலையில் நீடித்த சுப்பன் மூன்றாவது மாசத்துக்கு வைகாசி வரை காத்திருந்தான். அவன் பெண்சாதி கமலாவைக் கண்டால் அதுவரை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கலெக்டர் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. தோப்பு ஏலத்தொகை தனியாகக் கட்டி வைக்கப்பட வேண்டும், குடிநீர் வேலை தவிர வேறெதற்கும் எடுக்கக் கூடாது என்று. ஏலத்தில் வீரபத்திரன்தான் எடுத்தார். அரக்கோணத்திலிருந்து ஒரு மர வியாபாரி வந்து போட்டி போட்டதால் அவர் நினைத்ததை விட ஒன்றரைப் பங்கு கொடுக்க வேண்டி வந்தது.

முதலில் போட்ட போர் காய்ந்து போயிற்று. நூற்றிருபது அடி வரை வெறும் பாறைப் பொடி. இயந்திரத்தைச் சுற்றி நின்ற ஜனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக் கமலாவைப் பார்த்தார்கள். அந்த மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோப்பும் போச்சு, தண்ணியும் இல்லை என்று தன் வாசலில் வந்து நிற்பார்கள் என்று காத்திருந்தாள். ஏரிக்கரைப் பக்கம் போட்ட இரண்டாவது போரில்தான் தண்ணீர் பீறிட்டது. அடுத்த வருஷம் பங்குனியில் டேங்க் கட்டி முடித்தார்கள். நெசவுத் தெருவுக்கு இரண்டு குழாய் வந்தது. ஆறு தெருவில் நாலு தெருவுக்குத்தான் பணம் போதியது.

அவர்கள் வீட்டுத் தறிக்கு அதற்கப்புறம் யாரும் நூல் கொடுக்கவில்லை. நாகராஜன் அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றப் போனான். சனிக்கிழமை சாயந்திரம் வருவான், தோள்பட்டையில் கமலா எண்ணெய் தேய்த்துவிடுவாள். வரலட்சுமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் ஸ்கூல் முடிகிற வரை மூன்று வருஷம் கமலாவே கேட் வரை போய்க் கூட்டி வந்தாள். கூட்ஸ் வண்டி ஊதும்போதெல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பாள்.

கோதண்டபாணிக்கு அப்புறம் பிரசிடெண்ட் நாற்காலியில் வீரபத்திரன் உட்கார்ந்தார். பெண் மெம்பராக வேறு ஒருத்தியைப் போட்டார்கள். அந்தச் செய்தியைச் சுப்பன் வந்து சொன்னபோது கமலாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இனிமேல் அந்தப் புத்தகம் தன் வீட்டு வாசலுக்கு வராது.

ஒரு சித்திரை மாசம், பக்கத்துத் தெரு ரத்தினம்மாள் காலிக் குடத்தோடு வந்து நின்றாள். அவர்கள் தெருவில் குழாய் கிடையாது, இங்கே வந்துதான் பிடிப்பாள்.

"ரெண்டு நாளா வரலக்கா. ஜனங்க மறுபடியும் கெணத்துப் பக்கம் போவுது. யாரைக் கேக்கறதுன்னே தெரியல."

"புது மெம்பரைக் கேளேன்."

"கேட்டேன். அவங்க வூட்டுக்காரரு திட்டறாராம்."

கமலா அடுப்பை அணைத்தாள். புடவையை உதறிச் செருகிக்கொண்டாள். ஆபீஸ் படியில் ஒரு கணம் நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே வீரபத்திரன் ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா?"

"ரெண்டு நாளா கொழாயில தண்ணி வரலைங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். மேஜை மேல் ஃபேன் காற்றில் காகிதங்கள் படபடத்தன.

"மோட்டார் ரிப்பேர். நாளைக்கு வரும்."

திரும்பிப் போய்விடலாம் என்று அவள் கால் சொல்லிற்று. ரத்தினம்மாள் அவள் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு எத்தினி மணிக்குங்க?" என்றாள் கமலா.

அவர் பதில் சொல்லும் வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.